ஒரு வரிக்காக 23 வருடங்கள்

(சற்று நீளமான பதிவு. கணினி படிக்காதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். ஆறுதலாக வாசியுங்கள்.)

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் வருடாவருடம் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு செய்நிரல் மொழிக்குப் புதிய வசதி வந்தால், பெரிய மென்பொருள்களை எழுதுகிறவர்கள் ஏன் அதை உடனே பாவிப்பதில்லை? வசதி இருக்கிறது, நல்லது என்றும் எல்லோருக்கும் தெரிகிறது. பிறகு ஏன் பத்து, இருபது வருடம் காத்திருக்கிறார்கள்?

இதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. ஆனால் நல்ல வரலாறு இருக்கிறது. திறந்த மூல மென்பொருள் உலகில் இதே கேள்வி பல தடவை எழுந்திருக்கிறது. சில இடங்களில் சத்தமில்லாமல் தீர்ந்திருக்கிறது. சில இடங்களில் ஏராளமானோரை வருடக்கணக்கில் அலைய வைத்திருக்கிறது.

ஒரு கம்பனி தன் மென்பொருளைத் தன் கணினியிலேயே தயாரித்து, முடிந்த பொருளைத்தான் எங்களிடம் விற்கிறது. அது எந்தக் கம்பைலரைப் பாவிக்கிறது என்பது அதன் வீட்டு விடயம். (எழுதிய நிரலைக் கணினிக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றித் தருவதே கம்பைலர்.) திறந்த மூலத்தில் நிரலையே எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். எவரும் அதை எடுத்துத் தன் இயந்திரத்தில், தன்னிடமுள்ள கம்பைலரால் தயாரித்துக்கொள்ளலாம். உலகின் எந்த மூலையில், எத்தனை பழைய இயந்திரத்தோடு யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. சிக்கலின் வேர் இதுதான்.

*1. இடாப்பில் வைத்த விரல்*

சி மொழியை டெனிஸ் ரிட்சி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதற்கான முதல் தரநிலை 1989இல் வந்தது. அதைச் சி89 என்பார்கள். அடுத்து 1999இல் சி99, பின்னர் 2011இல் சி11.

சி99 கொண்டுவந்த வசதிகளில் ஒன்று மிகச் சிறியது. லூப் ஒன்றில் எண்ணுவதற்கோ தேடுவதற்கோ ஒரு மாறி தேவை. சி89இல் அதை லூப்புக்கு வெளியே முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சி99இல் லூப் தொடங்கும் அதே வரியில் அறிவிக்கலாம், லூப் முடிந்ததும் மாறியும் மறைந்துவிடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கேர்னல், இன்று அண்ட்ரொயிட் தொலைபேசிகள் முதல் பெரும் சேர்வர்கள் வரை ஓடுவது. அது சி89ஐ, ஜி.சி.சி கம்பைலர் தரும் சில மேலதிக வசதிகளோடு, முப்பது வருடமாகப் பாவித்து வந்தது. லூப் வரியில் மாறியை அறிவிக்க அங்கே இடமிருக்கவில்லை. பழைய கம்பைலர் வைத்திருப்பவரைக் கைவிடக்கூடாது என்பதும் ஒரு காரணம். 2002இல் வந்த ஜி.சி.சி 3.2 ஐக் கொண்டும் கேர்னலைத் தயாரிக்கலாம் என்ற விதி 2018 வரை இருந்தது என்றால் பாருங்கள்.

2022 பெப்ரவரியில் ஆய்வு மாணவர் ஒருவர் கேர்னலில் உள்ள ஒரு பாதுகாப்புக் குறைக்குத் திருத்தம் அனுப்பினார். அதைப் பற்றிய உரையாடல் கேர்னலின் பட்டியல்களைத் தேடும் முறைக்குப் போனது. அந்த முறையை எங்கள் தொழில் வழியாகவே விளக்கலாம்.

வரவு இடாப்பில் ஒரு பிள்ளையின் பெயரைத் தேடி விரலை மேலிருந்து கீழே கொண்டு போகிறோம். பெயர் கிடைத்தால் விரல் அந்த இடத்தில் நிற்கும். கிடைக்காவிட்டால் கடைசிப் பெயரையும் தாண்டி, மொத்தம் எழுதும் வரியில் போய் நிற்கும். அந்த நேரம் இன்னொருவர் வந்து, விரல் நிற்கும் இடத்தில் "வந்தார்" என்று அடையாளம் போட்டால் என்ன ஆகும்? அங்கே பிள்ளையே இல்லை. இடாப்பு பிழைத்துவிடும். தேடல் முடிந்த பிறகும் விரலை அங்கேயே விட்டுவைப்பதுதான் ஆபத்து. கேர்னலில் அந்த விரல், லூப்புக்கு வெளியே அறிவிக்கப்பட்ட மாறி.

டோர்வால்ட்ஸ் கண்டது இதுதான். ஒவ்வோர் இடமாகத் திருத்திக்கொண்டே போகலாம். ஆனால் மாறியை லூப்புக்குள்ளேயே அறிவிக்க முடிந்தால், லூப்புக்கு வெளியே அதைத் தொடவே முடியாது. இவ்வகைப் பிழைக்கு இடமே இராது. அதற்குச் சி89ஐ விட்டு வெளியே வர வேண்டும். கேர்னலின் மூத்த பராமரிப்பாளர்களில் ஒருவரான ஆர்ண்ட் பேர்க்மன், சி99 எதற்கு, நேரே சி11க்கே போகலாம் என்று காட்டினார். ஏனென்றால் 2021 ஒக்டோபரில் வெளியான லினக்ஸ் 5.15 முதல், குறைந்தது ஜி.சி.சி 5.1 வேண்டும் என்று விதி ஏற்கனவே உயர்ந்திருந்தது. 2022 மே மாதம் வெளியான 5.18 பதிப்போடு கேர்னல் சி11க்கு மாறியது.

1999இல் வந்த வசதி 2022இல் உள்ளே வந்தது. 23 வருடங்கள்.

இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். "புதியது வந்துவிட்டது, நாமும் மாறுவோம்" என்று யாரும் கிளம்பவில்லை. பழைய மொழியால் வந்த பிழை ஒன்று கண்முன்னே நின்றபோதுதான் மாறினார்கள். அப்படி மாற நினைத்த நேரத்தில் பழைய கம்பைலர்களைக் கைவிடும் கடினமான வேலை வேறு காரணங்களுக்காக ஏற்கனவே முடிந்திருந்தது. தேவையும் ஆயத்தமும் ஒரே நேரத்தில் சந்தித்தன.

*2. ஆழம் பார்க்க விட்ட பலூன்*

அதே டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய இன்னொரு மென்பொருள் கிட். நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் மாற்றங்களைச் சேமித்து ஒருவரோடொருவர் பகிர்வதற்கானது. அதே வருடத்திலிருந்து ஜூனியோ ஹமானோ அதைப் பராமரித்து வருகிறார்.

கிட் பற்பல வகை இயந்திரங்களில் தயாரிக்கப்படுகிறது. எவரிடம் எந்தக் கம்பைலர் இருக்கிறது என்று கேட்டுப் பட்டியல் போட வழியில்லை. ஆகவே அவர்கள் ஒரு முறையைக் கையாண்டார்கள். அதைச் சோதனைப் பலூன் என்று அழைத்தார்கள். புதிய வசதியை ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பாவிப்பது. அந்த இடம் எல்லோரும் தயாரிக்கும் பகுதியில் இருக்க வேண்டும், தேவையானால் இலகுவாகத் திரும்ப எடுக்கவும் முடிய வேண்டும். பிறகு பதிப்பை வெளியிட்டுவிட்டுக் காத்திருப்பது. யாருடைய கம்பைலராவது தடுமாறினால் அவர் வந்து சொல்வார், திரும்ப எடுத்துவிடலாம். நீண்ட காலம் எவரும் முறைப்பாடு செய்யாவிட்டால் அந்த வசதியை எல்லா இடத்திலும் அனுமதிக்கலாம்.

2017 நடுப்பகுதியில் சி99இன் ஒரு வசதிக்கு இப்படிப் பலூன் விட்டார்கள். முறைப்பாடு வரவில்லை, அது விதிப்புத்தகத்தில் ஏறியது. லூப் வரியில் மாறியை அறிவிக்கும் வசதிக்கான பலூன் 2022 ஜனவரியில் வெளியான 2.35 பதிப்பில் பறந்தது. அதைப் பொதுவாகப் பாவிக்கலாமா என்று 2022 நவம்பரில்தான் தீர்மானிப்போம் என்று தவணையும் போட்டுக்கொண்டார்கள். அதே பதிப்பில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. சி99 தெரியாத கம்பைலரால் கிட்டைத் தயாரிக்க முயன்றால், இது சோதனைக் கட்டம் என்றும் விபரத்தை எங்கே பார்க்கலாம் என்றும் ஒரு செய்தி வரும். தடுக்கப்படுகிறவர் இருட்டில் நிற்க வேண்டியதில்லை.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள். கிட் திட்டத்தார் ஆழத்தை அளக்கக் கருவி இல்லாத இடத்தில் முதலில் ஒரு விரலை மட்டும் நனைத்துப் பார்த்தார்கள்.

*3. இரண்டு வீடுகள், இரண்டு முடிவுகள்*

எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்பதில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 2019 ஒக்டோபரில் வெளியான 12ஆம் பதிப்பில் சி99ஐ ஏற்றது. விண்டோஸில் மைக்ரோசொப்ட்டின் கம்பைலர் நீண்ட காலமாகச் சி99ஐச் சரியாக ஆதரிக்காமல் இருந்து, 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பெரும்பகுதியை ஏற்றது. போஸ்ட்கிரெஸ் அவ்வளவு காலம் பொறுத்ததற்கு அது முக்கியமான காரணம். ஏற்றபோதும் முழுவதையும் ஏற்கவில்லை. இரட்டைச் சாய்கோட்டில் குறிப்பு எழுதுவது போன்ற சிலவற்றைத் தடைப்பட்டியலில் வைத்தார்கள். எல்லா இயந்திரங்களிலும் இயங்க வேண்டும் என்பதோடு, பல வருடமாக எழுதிவந்த வழக்கம் கலையக்கூடாது என்பதும் காரணம்.

கேர்ள் என்ற மென்பொருளின் கதை வேறு. இணையத்திலிருந்து தரவை எடுக்கவும் அனுப்பவும் உதவும் சிறிய கருவி. சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பேர்க் 1998இலிருந்து இதை வளர்த்து வருகிறார். கார், தொலைக்காட்சி, கையடக்கத் தொலைபேசி என்று எண்ண முடியாத பொருட்களுக்குள் இது இருக்கிறது. 2022இல் அவர் சி99க்குப் போகலாமா என்று வெளிப்படையாகவே யோசித்துப் பார்த்து, சி89இலேயே இருப்பது என்று முடிவெடுத்தார். புதியதால் வரும் இலாபம், எங்கோ ஒரு பழைய இயந்திரத்தில் கேர்ளைத் தயாரிப்பவரை இழக்கும் அளவுக்குப் பெரிதாக அவருக்குத் தெரியவில்லை.

ஆக, வசதியின் வயதை வைத்து மட்டும் எவரும் முடிவெடுக்கவில்லை. இலாபம் யாருக்கு, செலவு யாருக்கு என்ற கணக்கையே பார்த்தார்கள்.

*4. பைதன்: பதினொரு வருடப் பிரயாணம்*

பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானது இந்தக் கதைதான். எங்கள் உயர்தரப் பாடவிதானத்தில் இருப்பது பைதன் அல்லவா.

கீடோ வான் ரொசம் 1991இல் வெளியிட்ட பைதன், 2000இல் இரண்டாம் பதிப்பைக் கண்டது. 2008 டிசம்பர் 3ஆம் திகதி பைதன் 3.0 வந்தது. இது பழையதோடு ஒத்துப்போகாது என்று தெரிந்தே செய்த மாற்றம். பைதன் 2இல் 7ஐ 2ஆல் வகுத்தால் 3 வரும், பைதன் 3இல் 3.5 வரும். பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமானது.

மிகப் பெரிய மாற்றம் எழுத்துகளில். "தமிழ்" என்ற சொல்லைச் சாதாரணமாக எழுதி அதன் நீளம் என்ன என்று பைதன் 2இடம் கேட்டால், பெரும்பாலும் 15 என்று சொல்லும். அது எண்ணியது எழுத்துகளை அல்ல, நினைவகத்தில் பிடித்த பைட்டுகளை. பைதன் 3 அதே சொல்லுக்கு 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எங்கள் கணக்குக்கு மூன்று எழுத்துத்தான், ஆனாலும் 15ஐ விட 5 எவ்வளவோ மேல். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இந்த மாற்றம் ஒரு தொந்தரவாகப் பட்டிருக்கலாம். தமிழ், சிங்களம், அரபு எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அது நீதி. ஆகவே "பழையதிலேயே இருந்திருக்கலாமே" என்று எங்களால் சொல்ல முடியாது.

இலக்கு சரியாக இருந்தது. போன பாதையில்தான் பிழைத்தது. பழைய நிரலைப் புதியதாக மாற்றித்தரும் கருவி ஒன்றைக் கொடுத்து, எல்லோரும் அதைப் பாவித்து ஒரே பாய்ச்சலில் மாறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடக்கவில்லை. ஒரு நூலகத்தை எழுதுகிறவரின் பயனர்களில் பாதிப்பேர் பைதன் 2இல், மீதிப்பேர் 3இல். அவருக்கு இரண்டிலும் ஓடும் ஒரே நிரல் வேண்டும். ஆனால் பைதன் 2இல் யுனிகோட் சொல்லுக்கு முன்னால் போடும் "யு" என்ற ஓர் எழுத்தையே 3.0 பிழை என்று தள்ளியது. அந்த ஓர் எழுத்துக்காக நிரல்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்தன.

2012 செப்டெம்பரில் வெளியான 3.3 பதிப்பில் அந்த எழுத்தை மீண்டும் அனுமதித்தார்கள். புதிய பைதனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பழைய வீட்டிலிருந்து வருகிறவர் கால் வைக்க ஒரு படி, அவ்வளவுதான். இரண்டிலும் ஓடும் நிரலை எழுத உதவும் நூலகமொன்றுக்கு "சிக்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். இரண்டு தர மூன்று ஆறு.

2015இல் நிறுத்துவதாக இருந்த பைதன் 2.7இன் ஆதரவை, 2014இல் 2020 வரை நீட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு திட்டமும் நாள் குறித்தது. ஜாங்கோ தன் 1.11 பதிப்பைப் பைதன் 2க்கான கடைசிப் பதிப்பாக வைத்து, அதற்கு 2020 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுத்தது. 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 பைதன் 3இல் மட்டும் ஓடியது. கணிதத்துக்குப் பாவிக்கும் நம்பை, 2017 நவம்பரிலேயே தன் கால அட்டவணையை அறிவித்தது. பைதன் 2.7இன் இறுதி வெளியீடு 2020 ஏப்ரலில் வந்தது. மொத்தம் பதினொரு வருடத்துக்கு மேல்.

ஜாங்கோவும் நம்பையும் செய்ததைப் பாருங்கள். போகும் நாளை வருடக்கணக்கில் முன்னரே சொன்னார்கள். பின்தங்குகிறவருக்குக் கடைசிப் பதிப்பொன்றைக் கொடுத்து, குறிப்பிட்ட காலம் அதைக் கவனித்தும் கொண்டார்கள்.

*5. திடீரென்று பூட்டிய கதவு*

எதிர்மாறான அனுபவமும் உண்டு. பைதனில் மறைகுறியாக்கத்துக்குப் பாவிக்கும் "கிரிப்டோகிராபி" நூலகம், 2021 பெப்ரவரியில் வெளியிட்ட 3.4 பதிப்பில் ரஸ்ட் மொழியைச் சேர்த்தது. சி மொழியில் நினைவகத்தைக் கையாள்வதில் வரும் பிழைகள் பாதுகாப்பு ஓட்டைகளாகிவிடுகின்றன. 2014இல் உலகையே உலுக்கிய ஹார்ட்பிளீட் அப்படியான ஒன்று. ரஸ்ட் அவ்வகைப் பிழைகளில் பெரும்பாலானவற்றைக் கம்பைலரிலேயே தடுக்கும். மறைகுறியாக்க நூலகத்துக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஆனால் அல்பைன் லினக்ஸ் பாவித்தவர்களுக்கு ஆயத்தப் பொதி இருக்கவில்லை. அவர்களின் கணினிகள் நூலகத்தைத் தாமே தயாரிக்க முயன்று, ரஸ்ட் கம்பைலர் இல்லாமல் விழுந்தன. ரஸ்ட் கம்பைலரே இல்லாத பழைய வகை இயந்திரங்களை வைத்திருந்தவர்களுக்கு வழியே அடைபட்டது. 3.3இலிருந்து 3.4 என்ற எண்ணைப் பார்க்கிறவர், உள்ளே ஒரு புதிய மொழியே வந்திருக்கிறது என்று எப்படி ஊகிப்பார்? ரஸ்ட்டை விலக்கி நிறுவ அந்தப் பதிப்பில் ஒரு வழி வைத்திருந்தார்கள், அது பலருக்குத் தெரிய முன்னர் வேலை குழம்பிவிட்டது. அடுத்த பெரிய பதிப்புக்கு 35.0 என்று எண் முறையையே மாற்றினார்கள். பின்னர் அல்பைனுக்கும் ஆயத்தப் பொதிகள் வந்தன.

இதில் யாரையும் குற்றவாளியாக்க எங்களுக்கு மனமில்லை. அந்த நூலகத்தைப் பராமரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பழைய மொழியிலேயே இருந்தால் வரும் ஓட்டைகளை இரவிரவாக அடைப்பதும் அவர்கள்தான். பழையதில் இருப்பதும் இலவசமல்ல. அதற்கான விலையை வேறு ஆட்கள் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

*6. எங்கள் ஆய்வுகூடத்துக்கு இது எப்படி வருகிறது*

இதையெல்லாம் ஏன் இங்கே எழுதுகிறோம்? இந்த முடிவுகளின் கடைசி முனையில் இருப்பவர்களில் எங்கள் பிள்ளைகளும் அடக்கம்.

விண்டோஸ் 7 உள்ள கணினியில் நிறுவக்கூடிய கடைசிப் பைதன் 3.8. அதற்குப் பிந்திய 3.9, விண்டோஸ் 7ஐ ஆதரிக்கவில்லை. 3.8க்கான ஆதரவும் 2024 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. 2021 ஒக்டோபரில் வந்த 3.10இல் "மெட்ச்" என்ற புதிய கட்டளை உண்டு. வீட்டில் புதிய மடிகணினி உள்ள பிள்ளை யூடியூபில் பார்த்து அதை எழுதிப் பழகும். பாடசாலையின் பழைய கணினியில் அதே நிரல் பிழை காட்டும். அந்த ஆய்வுகூடத்தை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளை, தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்து ஒதுங்கிக்கொள்ளும். பிழை பிள்ளையிடம் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும்.

இன்று பைதனுக்கு வருடம் ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு. நம்பை போன்ற திட்டங்கள் சுமார் மூன்று, மூன்றரை வருடத்தில் பழைய பைதனை விட்டு நகர்கின்றன. 2023இல் வந்த நம்பை 1.25, பைதன் 3.8ஐக் கைவிட்டது. அப்படியென்றால் எங்கள் பழைய கணினியில் நம்பையை நிறுவவே முடியாதா? முடியும். பைதன் பொதிகளை நிறுவும் பிப் என்ற கருவிக்கு 2016 நவம்பரில் ஒரு நல்ல பழக்கம் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஒரு பொதி எந்தப் பைதனுக்கானது என்று வாசித்து, பொருந்தாத புதியதை விட்டுவிட்டு, பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தானாகவே எடுத்துவரும். 3.8 உள்ள கணினியில் அது நம்பை 1.24ஐக் கொண்டுவரும். பிழைச்செய்தி இல்லை, அலைச்சல் இல்லை. பைதன் 2ஐ விட்டுப் புறப்பட ஆயத்தமானவர்கள், பின்னால் நிற்கிறவர்களையும் நினைத்துச் செய்த ஏற்பாடு அது. யாரென்றே தெரியாத எங்கள் பிள்ளைக்கும் அது இன்று உதவுகிறது.

ஆகவே பிள்ளைகளின் கேள்விக்கு எங்கள் பதில் இது. புதிய வசதியை எடுக்கும் நாளை நாட்காட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த உண்மையான பிழையை நீக்குகிறது, யாரைப் பின்னால் விடுகிறது, அவருக்கு முன்கூட்டியே சொன்னோமா, அவர் கையில் ஓடக்கூடிய ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறோமா? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்த நாள்தான் சரியான நாள். சிலருக்கு அது 23 வருடம் கழித்து வந்தது. கேர்ளுக்கு இன்னும் வரவில்லை, அதிலும் தவறில்லை.

தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆய்வுகூடம் திறக்கும்போது ஒவ்வொரு கணினியிலும் எந்தப் பைதன் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் எழுதிய நிரல் இங்கே ஏன் ஓடவில்லை என்பதற்கான பாதி விளக்கம் பிள்ளைகளுக்கு அதிலேயே கிடைத்துவிடும். உயர்தரப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் இந்தப் பதிவைச் சேர்த்துவிடுங்கள்.